ஒன்பதாம் நாள் எழுந்த கோழி

ரட்டன்ஷா ஊரில் ஆல்பியன் தெரு பதினேழாம் எண் வீட்டில், பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை நாலேகால் மணிக்கு, ஒன்பதாவது நாளாக அடுப்பேறிய கோழி ஒன்று பானையை விட்டு எழுந்து வெளியே வந்தது. அன்று சந்தையில் வெங்காயம் ராத்தல் பதினொரு பென்ஸ், கேரட் ஒன்பது. வயல்களில் உறைபனி விழுந்ததால் முட்டைகோஸ் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. கோழி பானையின் விளிம்பில் முதலில் ஒரு காலை வைத்தது, பிறகு மற்றதை வைத்தது, அடுப்பு மேடையில் இறங்கி நின்று விலா எலும்புகளுக்குள் சிக்கியிருந்த பார்லி மணிகளை உதறியது. அதற்குத் தலை கிடையாது; அது கசாப்புக் கடையிலேயே போய்விட்டது. பாதங்களும் அங்கேயே போய்விட்டன. சதை என்று பார்த்தால் இடது தொடையெலும்பு ஓரமாக ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் டொரீன் ஹிண்டில் புதன்கிழமைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் டர்னிப் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கோழி எழுந்ததைப் பார்த்ததும் முதலில் கேஸை அணைத்தாள், பிறகுதான் அலறினாள். அந்த வருடம் ரட்டன்ஷாவில் யாராக இருந்தாலும் அந்த வரிசையில்தான் செய்திருப்பார்கள்.

ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது கம்பளிச் செருப்புத் தொழிற்சாலை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் மெத்துமெத்தென்ற செருப்புகள். டொரீனின் கணவன் க்ளிஃபோர்ட் அங்கே பத்தொன்பது வருடம் வெட்டுக்காரனாக இருந்தான். கம்பளித் துணியை மேசையில் விரித்து, அச்சுகளை நெருக்கி வைத்து, விரல்கடை துணிகூட வீணாகாமல் வெட்டியெடுப்பது அவன் வேலை. அக்டோபரில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வாசலில் கடைசியாக வெளியே வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு கொடுத்தார்கள். க்ளிஃபோர்டுக்குக் கிடைத்தது இரண்டும் இடது கால்.

அதிலிருந்து வீட்டில் வாரத்துக்கு ஒரு கோழி என்று கணக்கானது. நான்கு பேர்: டொரீன், க்ளிஃபோர்ட், பதின்மூன்று வயது லினெட், ஒன்பது வயது ஹேசல். ஞாயிற்றுக்கிழமை கோழியை முழுதாகச் சுட்டு, அப்பால் இருப்பவர் முகம் தெரியும் அளவுக்கு மெல்லிய துண்டுகளாகச் சீவி, உருளைக்கிழங்கை மலையாகக் குவித்துப் பரிமாறுவாள். திங்கள் ஆறிய கறி, மசித்த கிழங்கு. செவ்வாய் வெங்காயத்தாளும் வெள்ளைக் குழம்பும், அதில் கோழி எங்கேயோ இருக்கும். புதன் எலும்பில் சுரண்டியதைப் போட்டுச் சோறு. வியாழன் எலும்பும் பார்லியும் சேர்த்துச் சூப். வெள்ளி அதே சூப்பில் மாவு உருண்டைகள். சனிக்கிழமை சாயங்காலம் சந்தை கலையும் நேரத்துக்குப் போய், நசுங்கியது, வெடித்தது, முளைவிட்டது எல்லாவற்றையும் ஒரு கூடை அள்ளிவந்து அதே சூப்பில் போடுவாள். காலையில் பெண்கள் பள்ளிக்குப் போகும்போது இரண்டு கோட்டுப் பைகளிலும் சுட்ட கிழங்கு ஒவ்வொன்று வைத்து அனுப்புவாள். வழியில் கை குளிருக்கு, மதியம் வயிற்றுக்கு. டீத்தூளை இரண்டு முறை ஊற வைத்தாள், மூன்றாம் முறை அதைக் கொண்டு தரைவிரிப்பைத் துடைத்தாள்.

இதிலெல்லாம் அவளுக்குப் பெருமை உண்டு. அது நியாயமான பெருமை என்று தெருவே ஒப்புக்கொண்டது. பிப்ரவரியில் லினெட்டின் பள்ளிக் காலணி வாயைப் பிளந்து, அந்த வாரக் கோழிக் காசு காலணிக்குப் போனபோது, பழைய கோழியையே டொரீன் எட்டாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இழுத்தாள். அதைப் பின்கட்டில் துணி காயப்போட வந்த அத்தனை பேரிடமும் சொன்னாள்.

அலறல் கேட்டுப் பின்வாசல் வழியாக ஓடிவந்தவள் பக்கத்து வீட்டு எட்னா ராம்ஸ்பாட்டம். அறுபது வயது, ஒண்டிக்கட்டை, தலை முழுக்க முடி சுருட்டும் குழாய்கள்.

"என்னடி, எலியா?"

"எலியா இருந்தா நானே அடிச்சிருக்க மாட்டேனா? கோழி, எட்னா."

"கோழிதான் ஒன்பது நாளா வேகுதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே."

"வெந்தது போதும்னு எந்திரிச்சு வந்துட்டுது."

எட்னா கோழியைச் சுற்றிவந்து பார்த்தாள். கோழி மேடை ஓரத்தில் ஆவி பறக்க நின்றது. "பாவம், கொதிக்கற தண்ணியிலேர்ந்து வந்து இந்தக் குளிர்ல நிக்குது, எதையாச்சும் போத்திவிடு" என்று சொல்லிவிட்டு, அவளே டீ கெண்டியின் கம்பளி உறையை எடுத்து அதன் மேல் மாட்டினாள். கெண்டியின் மூக்குக்கும் பிடிக்கும் விட்டிருந்த இரண்டு ஓட்டைகளில் கோழியின் இரண்டு இறக்கை எலும்புகளும் கச்சிதமாக வந்து நின்றன. நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட உறை. அதற்கு நன்றாகவே இருந்தது.

டொரீன் சட்டென்று விட்டுவிடுகிற ஆள் இல்லை. இன்னும் இரண்டு நாளுக்கான சாறு அதில் இருக்கிறது என்பது அவள் கட்சி. அன்றைக்கே இருமுறை கோழியைத் தூக்கிப் பானையில் போட்டாள். இருமுறையும் அது ஏறி வந்து, உறையைத் தேடி மாட்டிக்கொண்டது. மூன்றாம் முறை தூக்கப்போனபோது ஹேசல் குறுக்கே வந்து நின்று, அதற்கு வினிஃப்ரெட் என்று பெயர் வைத்துவிட்டதாக அறிவித்தாள். "பேர் வெச்சத எப்படிம்மா வேக வெக்கறது?" அந்தப் பெண் வேண்டுமென்றேதான் செய்தாள், டொரீனுக்கும் அது தெரியும். ஆனாலும் ஒரு பெயரைப் பானையில் போட அவளுக்குக் கை வரவில்லை. அன்று இரவு வெறும் டர்னிப் சூப். அதிலும் கோழி வாசம் இருந்ததாக எல்லோரும் மரியாதைக்குச் சொன்னார்கள்.

வினிஃப்ரெட் சமையலறையில் நிலக்கரித் தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தது. பாதம் இல்லாததால் நடக்கும்போது டக் டக்கென்று சத்தம். வேண்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் நெஞ்சு அதிர்ஷ்ட எலும்பை முதல் ஞாயிறே பெண்கள் இருவரும் உடைத்துவிட்டதால் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்துதான் நடக்கும். எதுவும் தின்னாது, தின்ன வழியுமில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே டொரீனுக்கு அதன்மேல் மெல்ல மதிப்பு வந்தது. தலையில்லாமல் எப்படிக் காது கேட்கிறது, எப்படிக் கண் தெரிகிறது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. வாடகை கேட்க வந்தவர் ஒருமுறை கேட்டார். "அத அதுகிட்டயே கேளுங்க" என்றாள் டொரீன். அவர் குனிந்து கேட்டார். பதில் வரவில்லை என்று குறித்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை, வெளியே கிளம்பிய க்ளிஃபோர்ட் தொப்பியைத் தலையில் வைத்தபோது உள்ளே ஏதோ உருண்டது. ஒரு முட்டை. சூடாக இருந்தது. தொட்டிமேல் தட்டிப் பார்த்தால் உடைந்து வழியவில்லை, வெந்திருந்தது. ஒன்பது நாள் கொதித்த உடம்பிலிருந்து வருவது எப்படிப் பச்சையாக வரும்? உப்பு அளவாக இருந்தது. வெங்காயத்தாள் மணம், பின்னால் லேசாகப் பார்லி. அதன்பிறகு தினமும் ஒன்று வந்தது. வார நாட்களில் மஞ்சள் கரு இளகி, ஞாயிற்றுக்கிழமைகளில் கெட்டியாக. ஆனால் எப்போதும் க்ளிஃபோர்டின் பொருள்களில்தான். தொப்பியில், கோட்டுப் பையில், கழற்றிப்போட்ட காலணியில், அவன் படிக்கும் பழைய செய்தித்தாளுக்கு அடியில். அவன் மேல் இன்னமும் தொழிற்சாலைப் பசை வாசம் அடிக்கிறது, அது கோழிக்குப் பிடித்திருக்கிறது என்று லினெட் சொன்னாள். க்ளிஃபோர்ட் ஒவ்வொரு முறையும் முட்டையை இரண்டாக நறுக்கிப் பெண்களுக்குக் கொடுத்தான். கோழி அவன் எதிரே வந்து நின்று தரையில் காலைத் தட்டும். "என்னன்னுதான் சொல்லேன், வினிஃப்ரெட்" என்பான் அவன். அது இன்னும் வேகமாகத் தட்டும்.

க்ளிஃபோர்ட் அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் அதிகம் சாப்பிடவில்லை. மேட்டுத் தெரு கிளப்பில் பழைய சகாக்கள் தினமும் ஏதாவது வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தான். மாலையில் டொரீன் அவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள். "அப்புறம் சாப்பிடறேன், நீங்க சாப்பிடுங்க" என்பான். அவள் பெண்களைக் குளிக்கவைத்துவிட்டு வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். கழுவி வைக்கிற கணவன் கிடைத்ததே என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் இடைவாரில் புதிதாக இரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தன. அதை அவள் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லோருடைய இடைவாரிலும் விழுந்திருந்தன.

மார்ச் மாதம் முதல் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, எட்னா சந்தையிலிருந்து நேராகப் பின்வாசலுக்கு வந்தாள். கையில் இருந்த கூடையைக்கூட இறக்கவில்லை.

"உன் கோழிய நூலக வாசல்ல பாத்தேன்."

"நூலகத்துலயா? அங்க அதுக்கு என்ன வேல?"

"உள்ள விடமாட்டேன்னுட்டாங்க. தலையில்லாததுக்குப் படிக்க என்ன இருக்குன்னு கேக்கறான் வாசல்ல இருக்கறவன். அதுவும் போக மாட்டேன்னு படியிலயே குந்திட்டிருக்கு, உன் வீட்டுக்காரர் உள்ள இருக்காருல்ல."

"அவரு கிளப்புல சாப்பிடப் போயிருக்காரு, எட்னா."

எட்னா கூடையை மேசையில் வைத்தாள். "எந்தக் கிளப்புல? மேட்டுத் தெருவுலயா? அங்க அடுப்பு எரிஞ்சு ரெண்டு வருஷமாச்சுடி. பீப்பாயில பீர் இருக்கும், பாக்கெட்ல உப்புக் கடலை இருக்கும், அவ்வளவுதான். உன் புருஷன் நூலகத்துல கணப்புக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு செய்தித்தாள்ல சமையல் பக்கத்தப் படிச்சிட்டிருக்காரு. வரிக்கு வரி விரல வெச்சுப் படிக்கறாரு. ஜன்னல் வழியா பாத்தேன். பாக்கவே என்னமோ மாதிரி இருந்துச்சு."

எட்னா போன பிறகு டொரீன் பானை மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிய புதுக் கோழியின் சூப். முந்தின நாள் இரவு நான்கு தட்டு எடுத்தபோது எந்த மட்டத்தில் இருந்ததோ அதற்குக் கொஞ்சம் மேலேதான் இப்போதும் இருந்தது. கரண்டியை விட்டு அளந்து பார்த்தாள். அவள் கணக்கில் எப்போதும் புலி. எல்லாம் புரிந்துபோயிற்று.

ஐந்தரை மணிக்குக் க்ளிஃபோர்ட் வந்தான், பின்னாலேயே டக் டக்கென்று வினிஃப்ரெட். பெண்கள் மேசையில் இருந்தார்கள். டொரீன் அவன் தட்டில் சூப்பை ஊற்றினாள்.

"இன்னைக்கு கிளப்புல என்ன சாப்பாடு?"

"வழக்கம்போலதான். ஹார்கிரீவ்ஸ் ஒரு தட்டு பட்டாணி வாங்கிக் குடுத்தான். வயிறு திம்முனு இருக்கு."

"அடுப்பே இல்லாத எடத்துல பட்டாணி எப்படி வெந்துச்சு, க்ளிஃப்? கக்கத்துல வெச்சு வேக வெச்சானா?"

க்ளிஃபோர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உன் தட்டு சூப்ப தெனமும் திரும்பப் பானையில கொட்டியிருக்கே. நாலு மாசமா."

"தெனமும் இல்ல. ஞாயித்துக்கிழமை சாப்ட்டேன்."

"நான் ஒன்பது நாள் ஓட்டினேன், ஒன்பது நாள் ஓட்டினேன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே! அது என் சமத்து இல்ல, உன் பட்டினி. மூணு பேரு சாப்ட்டா நாலு பேர் பானைய எந்தக் கழுதையும் ஒன்பது நாள் ஓட்டும்! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவ்ளோ சந்தோஷமா சொல்லிட்டிருந்தே, டொரீன். அத எப்படிக் கெடுக்கறது?" அவன் தொப்பிக்குள் பார்த்தபடியே பேசினான். "அதுவுமில்லாம, வேலைக்குப் போறவனுக்குப் பசிக்கலாம். சும்மா உக்காந்திருக்கறவனுக்கு எதுக்குப் பசி?"

"பசிக்கு அதெல்லாம் தெரியுமா? வயித்துக்கு யாரு சீட்டுக் குடுத்து வேலைய விட்டு அனுப்பினா?"

இப்படி ஆரம்பித்தது ஏறிக்கொண்டே போனது. ஆல்பியன் தெருவில் சுவர்கள் ஒற்றைச் செங்கல் கனம்தான். இந்தப் பக்கம் எட்னாவும் அந்தப் பக்கம் பத்தொன்பதாம் எண் வீட்டுக்காரர்களும் வானொலியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். டொரீன் பாத்திரம் துடைக்கும் துணியை எறிந்தாள். அது அவனுக்குப் படாமல் ஜன்னல் திரையில் போய்த் தொங்கியது. தான் ஒரு மக்கு என்று அவள் சொல்ல, மக்கு தான்தான் என்று அவன் சொல்ல, அதில் யார் ஜெயிப்பது என்று இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது பானை மூடி கணகணவென்று சத்தம் போட்டது.

வினிஃப்ரெட் நாற்காலியில் ஏறி, மேசைக்குத் தாவி, அடுப்பு மேடைக்குப் போய்விட்டிருந்தது. கம்பளி உறையைக் கழற்றி, ரொட்டிப் பெட்டியின் மேல் ஒழுங்காக வைத்துவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த சூப்புக்குள் தானாக இறங்கி, இறக்கை எலும்பால் மூடியை இழுத்து மூடிக்கொண்டது.

"அம்மா! அது நமக்காக மறுபடி வேகப் போவுது!" என்று ஹேசல் அழுதாள்.

டொரீன் கேஸை அணைத்தாள். க்ளிஃபோர்ட் மூடியைத் தூக்கி, "வெளிய வா வினிஃப்ரெட், இதெல்லாம் வேணாம்" என்றான். கோழி மூடியைப் பிடுங்கி மறுபடி மூடிக்கொண்டது. மூன்று முறை தூக்கினான், மூன்று முறையும் பிடுங்கிக்கொண்டது. எலும்புதான் என்றாலும் நல்ல பிடி. கடைசியில் லினெட்தான் சொன்னாள். பதின்மூன்று வயதுப் பெண்கள் சொல்வதுபோல், இதுகூடவா தெரியவில்லை என்ற குரலில்.

"நீ சாப்பிடற வரைக்கும் அது வராதுப்பா. இவ்ளோ நாளா அதத்தான் அது தட்டித் தட்டிச் சொல்லுது."

க்ளிஃபோர்ட் உட்கார்ந்தான். சூப் ஆறிப்போயிருந்தது. முதல் கரண்டி வாய்க்குள் போனதும் பானை மூடி ஒரு விரல்கடை உயர்ந்தது. இரண்டாவதுக்கு இன்னொரு விரல்கடை. அவன் நிறுத்தினால் மூடி இறங்கியது. அவன் சாப்பிட்டுக்கொண்டே அழுதான். சூப்பில் உப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது, அதனால் பாதகமில்லை. மூன்று பெண்களும் எதிரே உட்கார்ந்து, ரயில் வருவதைப் பார்ப்பதுபோல் கரண்டி போய்வருவதைப் பார்த்தார்கள். தட்டு காலியானது. டொரீன் இன்னொரு தட்டு ஊற்றினாள், கோழியைச் சுற்றிக் கரண்டியை விட்டு. அதுவும் காலியானது. மூன்றாவது தட்டு முடிந்து, ரொட்டியால் வழித்து நக்கியபோது வினிஃப்ரெட் முழுதாக எழுந்து வெளியே வந்தது. உறையை மாட்டிக்கொள்ள டொரீன்தான் உதவினாள். பானையின் அடியில் இரண்டு முட்டைகள் கிடந்தன. அதற்கு முன்போ பின்போ ஒரே நாளில் இரண்டு வந்ததில்லை.

அன்றிலிருந்து நான்கு பேரும் சாப்பிட்டார்கள், சாப்பிட்டார்களா என்று வினிஃப்ரெட் மேசையைச் சுற்றிவந்து பார்த்தது. விளைவு, பானை வியாழக்கிழமையோடு வறண்டுபோனது. வெள்ளிக்கும் சனிக்கும் ஒன்றுமில்லை. டொரீன் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, எட்னா வீட்டுக் கதவைத் தட்டி, தன் பானை ஐந்து நாள்தான் வருகிறது என்று சொன்னாள்.

"அப்பாடா" என்றாள் எட்னா. "எட்டு நாள், ஒன்பது நாள்னு நீ சொல்றதக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கமே போச்சு. என் கோழி தனியாளுக்கே பதினஞ்சு நாள்தான் வருது, நான் தண்டம்னு நெனச்சுட்டிருந்தேன். வெள்ளி, சனி ரெண்டு நாளும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க. கிழங்கு மட்டும் கொண்டா. தனியா தின்னு தின்னு எனக்கும் அலுத்துப்போச்சு."

அப்படித்தான் வெள்ளிக்கிழமை பேஸ்டி செய்ய ஆரம்பித்தார்கள். கிழங்கும் வெங்காயமும் வேகவைத்து, மாவுத் தகடுகளுக்கு நடுவே வைத்து ஓரம் ஒட்டிச் சுடுவது. வயிற்றை நிரப்ப அதைவிட மலிவாக அந்த ஊரில் எதுவும் கிடையாது. எட்னா மாவைத் திரட்டி, தட்டைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டினாள். க்ளிஃபோர்ட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய மாவுத் துண்டுகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கத்தியை அவள் கையிலிருந்து வாங்கினான். மாவை மறுபடி தேய்த்து, பத்தொன்பது வருடம் வெட்டியதை வெட்டினான். செருப்பு அடிப்பாகம். ஒன்றின் குதிகால் மற்றதன் விரல்பக்கத்தோடு பொருந்தி, இடதும் வலதுமாக, கடுகளவு மாவு மிஞ்சாமல். எட்னா ஒன்பது வெட்டிய மாவில் அவன் பதினான்கு வெட்டினான். ஏழு ஜோடி. அன்று அவன் முகத்தைப் பார்த்த டொரீன், அக்டோபருக்குப் பிறகு அவன் சிரித்து அப்போதுதான் பார்ப்பதாக எட்னாவிடம் சொன்னாள். எட்னா, தான் அவன் சிரித்து எப்போதுமே பார்த்ததில்லை என்றாள்.

ஏப்ரலில் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை போட்டார்கள். பேஸ்டிகளை ஜோடியாகத்தான் விற்றார்கள், காலணி அளவில். குழந்தைகளுக்கு இரண்டாம் நம்பர், பெண்களுக்கு ஐந்து, ஆண்களுக்கு ஒன்பது. வினிஃப்ரெட்டின் முட்டையை உதிர்த்துப் போட்ட ஜோடி ஒன்று மட்டும் இருக்கும், அதற்கு ஐந்து பென்ஸ் கூட. கூட்டம் அலைமோதியது. முதலில் வந்த சில பேர் காலோடு வைத்து அளந்து பார்த்து வாங்கினார்கள். ஒரு கிழவர் ஒன்பதரை கேட்டார். அடுத்த வாரம் போட்டுக் கொடுத்தார்கள். இடது மட்டும் போதும் என்று கேட்டவர் ஒருவர் இருந்தார். மில்லில் ஒரு காலை இழந்தவர், ஆனால் வயிறு ஒன்றுக்கு ஒரு பேஸ்டிதான் வேண்டும் என்பதால்தான் அப்படிக் கேட்டார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இது செருப்பு மாதிரி இருக்கிறதே என்று குறை சொன்னார், அவருக்கு விற்கவில்லை.

கோழி விஷயம் பரவியதும் பலரும் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று வேகவைத்துப் பார்த்தார்கள். தெருவே நாறியதுதான் மிச்சம். வேண்டுமென்று செய்தால் அது எழுவதில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். கசாப்புக் கடைக்காரர் டாட்டர்சால், எழுந்து போகும் கோழிகளுக்குக் கடை பொறுப்பல்ல என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டார்.

வருடங்கள் போயின. சந்தை மேசை ஒரு கடையாக மாறியது, பெரிய கடை ஒன்றும் இல்லை, ஒரு ஜன்னலும் ஒரு அடுப்பும். லினெட் பேருந்து நடத்துநராகப் போனாள். ஹேசல் கடையில் உட்கார்ந்தாள். கோழி வாரத்துக்கு இரண்டு வாங்கும் வசதி வந்த பிறகும் டொரீன் ஒன்றைத்தான் வாங்கினாள், ஆனால் யார் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்ததில்லை. கம்பளி உறை இரண்டு முறை நைந்து, இரண்டு முறை புதிதாகப் பின்னப்பட்டது. வினிஃப்ரெட்டின் முட்டை பத்து வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை, கிறிஸ்துமஸ் அன்று மட்டும் கொஞ்சம் மிளகு தூக்கலாக இருக்கும்.

அந்தப் பத்தாம் வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. ஆல்பியன் தெருவுக்கு வந்தவர் ஷார்ப்ள்ஸ் என்ற ஒல்லியான மனிதர், எழுத்தில் பிழை வரக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லையும் முணுமுணுத்துக்கொண்டே எழுதுபவர். ஞாயிற்றுக்கிழமை இரவு இந்த வீட்டில் தங்கியவர்கள் எல்லோரையும் சொல்லச் சொன்னார். டொரீன் வரிசையாகச் சொன்னாள். நிலக்கரித் தொட்டிப் பக்கம் டக் டக்கென்று சத்தம் கேட்டது. அவர் பேனாவை நிறுத்தினார்.

"அது?"

"வினிஃப்ரெட். அதுவும் இங்கதான் தங்குது."

"வயசு?"

"சுட்ட நாள்லேர்ந்தா, எந்திரிச்ச நாள்லேர்ந்தா?"

ஷார்ப்ள்ஸ் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டுக்கும் அதில் ஒன்றுமில்லை. "எந்திரிச்ச நாள்லேர்ந்தே வெச்சுக்கலாம். பத்து." எழுதினார். "குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?"

க்ளிஃபோர்ட் டொரீனைப் பார்த்தான். டொரீன் க்ளிஃபோர்டைப் பார்த்தாள்.

"எங்க எல்லாரையும் சாப்பிட வெக்கறதே அதுதான்" என்றான் க்ளிஃபோர்ட். "அதையே தலைவரா போட்டுக்குங்களேன்."

"தலையில்லாதவங்கள தலைவரா போட முடியாதுங்க. மேல கேள்வி கேப்பாங்க."

முடிவில் ஷார்ப்ள்ஸ், உறவினர் என்று போட்டுவிடுவதாகச் சொன்னார். அது எல்லாவற்றுக்கும் பொருந்தும். தொழில் என்ற இடத்தில் உணவுத் துறை என்று எழுதினார். டொரீன் கொடுத்த டீயைக் குடித்து, அன்றைய முட்டையைச் சாப்பிட்டு, நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். வினிஃப்ரெட் தட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அவரைப் போகவிட்டது. அவர் அடுத்த வீட்டுக்குப் போய் எட்னாவின் கதவைத் தட்டினார். அங்கே அப்படி எழுந்த கோழிகள் இரண்டு இருந்தன. படிவத்தில் அதற்கும் இடம் இருந்தது.